விளையாட்டில் பழகும் ஆங்கிலம்

அலுவல் நிமித்தம் கிராமங்களில் சுற்றி வருவோர் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. வீட்டிற்கு விருந்தினர் எவரேனும் வந்துவிட்டால், நான்கு வயதுக் குழந்தையை அழைத்து நடுக்கூடத்தில் நிறுத்தி, "மாமாவுக்கு ஏ பி சி டி சொல்லிக் காட்டு, கண்ணு" என்பார்கள். குழந்தையும் இருபத்தாறு எழுத்துகளையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு ஓடிவிடும். பெற்றோருக்குப் பெருமை தாங்காது. ஆனால் அதே குழந்தையை மறுபடி அழைத்து, வாசலில் கட்டியிருக்கும் ஆட்டைக் காட்டி, அதனை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வாய் என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கும். அதற்கு எழுத்துகளின் பெயர் தெரியும்; மொழி தெரியாது.

ஆங்கிலம் வேண்டுமா, வேண்டாமா என்பது இங்கு நம் வழக்கன்று. 1968ஆம் ஆண்டு முதல் தமிழும் ஆங்கிலமும் என்ற இருமொழிக் கொள்கையை நம் மாநிலம் கைக்கொண்டு வருகிறது. அரசுப் பள்ளிகளில் முதல் வகுப்பிலேயே ஆங்கிலம் ஒரு பாடமாக உள்ளது. வேளாண்மைக் கல்லூரிக்கோ செவிலியர் படிப்பிற்கோ செல்லும் நம் ஊர்ப் பிள்ளைகள் முதலாண்டில் அம்மொழியினால் படும் பாட்டை அறியாதவர் இலர். ஆகவே பெற்றோர் கவலை கொள்வதில் வியப்பில்லை. அக்கவலை செல்லும் வழிதான் வருத்தம் தருகிறது. காதுத் தோட்டை அடகு வைத்துத் தனியார் மழலையர் பள்ளிக்குக் கட்டணம் கட்டுகிற குடும்பங்கள் உள்ளன. ஏன் என்று வினவினால், "எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே சார், வீட்டிலே நான் என்னத்தைச் சொல்லிக் குடுக்க?" என்று தாய்மார்கள் விடையளிக்கிறார்கள்.

இவ்விடை சரியன்று என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பேசத் தொடங்கும் பருவத்துக் குழந்தைக்கு ஆசிரியரினும் விளையாட்டுத் தோழரே மிகுதியும் வேண்டியவர். ஆங்கிலம் அறியாத தாயும் நல்ல விளையாட்டுத் தோழியாகலாம். சிறிதளவு ஒலி மட்டும் வெளியிலிருந்து வரவேண்டும். அதனை எங்கிருந்து பெறுவது என்பதைப் பின்னர்க் காண்போம்.

தமிழை நம் குழந்தை எவ்வாறு கற்றது என்று சற்று நினைத்துப் பார்த்தல் நலம். அகரம் எழுதியா கற்றது? நிலவைக் காட்டிச் சோறூட்டும்பொழுதும், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்பொழுதும், "கையைத் தூக்கு, காலை நீட்டு" என்ற சொற்களைக் கேட்டுக் கேட்டு அவற்றின் பொருளை உடம்பினால் உணர்ந்தது. ஓராண்டுக் காலம் ஏறக்குறைய ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அதன் பின்னரே வாய் திறந்தது. எழுத்து அதற்கும் பல ஆண்டுகள் பிந்தியே வந்தது. கேட்டல், செய்தல், பேசல், பின்னர் எழுதல் என்னும் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, எழுத்தில் தொடங்குவதால்தான் ஆங்கிலம் நம் குழந்தைகளுக்குச் சுமையாகிறது.

செய்தலை முதன்மையாகக் கொண்டு பிறமொழி கற்பிக்கும் முறையொன்றை அமெரிக்க உளவியல் பேராசிரியர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வகுத்தார். ஆசிரியர் கட்டளையிடுவார், மாணவர் வாய் பேசாமல் அக்கட்டளைப்படி நடப்பர், அவ்வளவே. இதனை நம் வீட்டு முற்றத்தில் ஆடுவதற்கு ஒரு காசும் செலவில்லை. 'சிட்' என்றால் உட்கார வேண்டும். 'ஸ்டாண்ட்' என்றால் எழ வேண்டும். 'ஜம்ப்' என்றால் குதிக்க வேண்டும். 'ரன்' என்றால் ஓட வேண்டும். 'ஸ்டாப்' என்றால் ஓடிய இடத்திலேயே சிலையாக நிற்க வேண்டும். ஆங்கில நாட்டுச் சிறுவர்கள் 'சைமன் சொல்கிறான்' என்ற பெயரில் இதனை ஆடுகிறார்கள். சைமன் என்று சொல்லிக் கட்டளையிட்டால் செய்ய வேண்டும். சைமனை விட்டுவிட்டுக் கட்டளையிட்டால் செய்யலாகாது. செய்தவர் ஆட்டத்தினின்றும் விலக வேண்டும். நாம் சைமனைத் தேடிப் போக வேண்டுவதில்லை. 'பாட்டி சொன்னாள்' என்று வைத்துக்கொண்டால், திண்ணையில் வீற்றிருக்கும் பாட்டியே ஆட்டத்தின் தலைவியாகிவிடுவார். ஐந்து சொற்களைக் கற்றுக்கொள்வது பாட்டிக்கும் அரிதன்று. பேரனும் பாட்டியும் சேர்ந்து கற்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: பாட்டி தவறினால் குழந்தை திருத்தும். பிறரைத் திருத்துகின்ற குழந்தை தான் கற்றதை எளிதில் மறப்பதில்லை.

தொடக்கத்தில் குழந்தை வாயே திறவாமல் ஆடிக்கொண்டிருக்கலாம். சில வாரங்கள்கூட அவ்வாறு கழியலாம். அதனைக் கண்டு தந்தைமார் பொறுமையிழந்து, "சொல்லுடா, சொல்லு" என்று அதட்டுதல் கூடாது. விதை ஊன்றிய மறுநாளே மண்ணைக் கிளறிப் பார்க்கும் உழவர் நம்மில் எவருமிலர்.

இனி, சொற்கள். நம் வீடுகளில் ஆங்கிலமே இல்லை என்பது தவறான எண்ணம். பஸ், டிக்கெட், லைட், சுவிட்ச், பல்ப், ஃபேன், பக்கெட், பிளேட், சோப், பைப், பம்ப், டிராக்டர், கேட், பைக், ஃபோன், கார்டு என்று எண்ணிக்கொண்டே போனால், ஏட்டறிவு இல்லாத வீட்டிலும் ஐம்பது சொற்கள் தேறும். மாலையில் குழந்தையுடன் வீட்டைச் சுற்றி வந்து, இவை ஒவ்வொன்றையும் தொட்டுப் பெயர் சொல்வதே ஓர் ஆட்டம். ஆயினும், தமிழல்லாத சொல் யாவும் ஆங்கிலம் என்று கொள்ளலாகாது. சாவி, ஜன்னல், அலமாரி ஆகியவை போர்ச்சுகீசியர் விட்டுச் சென்றவை. மாறாக, ஆங்கிலம் நம்மிடம் கடன் பெற்ற சொற்களும் உள்ளன. நம் கட்டுமரத்தை அவர்கள் 'கேட்டமரன்' என்கிறார்கள்; சுருட்டு 'செரூட்' ஆயிற்று; மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' என்ற பெயரில் அவர்களது உணவு மேசையில் ஏறிற்று. கொடுக்கல் வாங்கல் இருபுறமும் நிகழ்ந்துள்ளது என்பதைச் சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தால், அம்மொழியைக் கண்டு எழும் கூச்சம் பெரிதும் குறையும்.

நம் வாயில் 'கப்' என்பது 'கப்பு' என்றும், 'புக்' என்பது 'புக்கு' என்றும் ஆகிவிடுகிறது. இதனைச் சிலர் எள்ளி நகைப்பர். நகைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. வல்லின மெய் சொல்லின் இறுதியில் நில்லாது என்பது தமிழின் இயல்பு; ஆதலின் நம் நா தானாகவே ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. குழந்தைப் பருவத்தில் இதனை மாற்றுவது எளிது. ஒரு டப்பாவையும் அதன் மூடியையும் எடுத்துக்கொள்ளுங்கள். 'கப்' என்று சொல்லி முடிக்கும் அதே நொடியில் மூடியை 'டக்' என்று மூட வேண்டும். மூடிய பின் ஒலி வெளியே வந்தால் ஆட்டம் தோற்றது. 'கப்', 'கேட்', 'பேக்', 'டாக்' என்று நான்கு சொற்களை இவ்வாறு ஆடினால், இறுதி உகரம் எங்கே வருகிறது என்பதைக் குழந்தையின் செவியே கண்டுகொள்ளும்.

இதனினும் முக்கியமானது வல்லெழுத்துகளின் செய்தி. பன்றியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும், பெரியது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் தமிழெழுத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டும் 'பிக்' என்றே அமையும்! ஆங்கிலத்திலோ அவை வெவ்வேறு ஒலிகள். ஆகவே ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதி மனப்பாடம் செய்விக்கும் சிறு நூல்கள் பெரியோருக்கு எவ்வளவு உதவினாலும், குழந்தைகளுக்கு ஏற்றவையல்ல. அவ்விரு ஒலிகளும் நமக்குப் புதியவை என்று எவரும் அஞ்ச வேண்டுவதில்லை. 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதற் பகரம் ஒருவகையாகவும், மகர மெய்யை அடுத்து வரும் பகரம் வேறுவகையாகவும் ஒலிக்கின்றன. முன்னது பன்றிக்குரிய ஒலி. பின்னது பெரியதற்குரிய ஒலி. அவ்வாறே 'வண்டி' என்பதில் வரும் டகரம் நாய்க்குரிய ஆங்கிலச் சொல்லின் முதலொலி. 'தங்கம்' என்பதில் வரும் ககரம் ஆட்டிற்குரிய ஆங்கிலச் சொல்லின் முதலொலி. ஒலிகள் நம் வாயிலேயே உள்ளன. அவற்றைச் சொல்லின் நடுவிலிருந்து முதலுக்குக் கொணர்வதே பயிற்சி. "பம்பரத்தில் இரண்டாவது 'ப' எங்கே?" என்று கேட்டு, அதனை மட்டும் தனியே சொல்லச் செய்வது நல்லதோர் ஆட்டம்.

மூன்றாவதாக ஒரு கோழியிறகு போதும். இறகை உதட்டின் முன் பிடித்துக்கொண்டு நம் 'பல்' என்ற சொல்லைச் சொன்னால் அது அசைவதில்லை. பேனாவைக் குறிக்கும் 'பென்' என்ற சொல்லை ஆங்கிலேயர் சொல்வதுபோல் சொன்னால் இறகு துள்ளும். அச்சொல்லின் முதலொலியோடு சிறிது மூச்சும் வெளிப்படுவதே காரணம். மேற்பல்லைக் கீழுதட்டின்மேல் வைத்து ஊதினால் 'ஃபேன்' என்பதன் முதலொலி பிறக்கும். அப்பொழுது இறகு மெல்ல நடுங்கிக்கொண்டே இருக்கும். வண்டின் ரீங்காரத்தைப் போலச் செய்யச் சொன்னால், உயிர்க்காட்சிச் சாலையைக் குறிக்கும் 'ஜூ' என்ற சொல்லின் முதலொலி தானே வரும். இவற்றைக் குழந்தைகள் சிரித்துக்கொண்டே செய்வார்கள். இருபது வயதிற்கு மேல் இவற்றைக் கற்போருக்குத்தான் வியர்க்கிறது.

எண்களுக்கு நம்மிடமுள்ள விளையாட்டுகளைப் போல் வேறெங்கும் கிடைப்பது அரிது. பல்லாங்குழியின் பதினான்கு குழிகளில் புளியங்கொட்டையை இட்டுக்கொண்டே செல்லும்பொழுதும், நொண்டியாட்டத்தில் கட்டம் தாண்டும்பொழுதும், ஒருநாள் தமிழிலும் மறுநாள் ஆங்கிலத்திலும் எண்ணலாம். பத்து வரையில் தயங்காமல் வந்த பின்னரே அப்பால் செல்க. பதினொன்று என்ற நம் சொல்லில் பத்தும் ஒன்றும் வெளிப்படையாக உள்ளன; 'இலெவன்', 'டுவெல்வ்' என்பவற்றில் அந்த வெளிப்படை இல்லை. அதற்காக ஆங்கிலத்தைக் குறை கூறுவதற்கும் இல்லை. நம் தொண்ணூற்றில் நூறு ஏன் ஒலிக்கிறது என்று குழந்தை கேட்டால், நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்?

கடை வைக்கும் ஆட்டமும் பயன் மிக்கது. கூழாங்கல் காசு, வெங்காயம், தக்காளி, முட்டை ஆகியவை சரக்கு. "இரண்டு வெங்காயம் கொடு" என்பது தமிழில் பிழையற்ற வாக்கியம். ஆங்கிலத்திலோ, ஒன்றுக்கு மேற்பட்டால் சொல்லின் இறுதியில் பன்மையொலி சேர்ந்தாக வேண்டும். குழந்தை அதனை விட்டுவிட்டு 'டூ ஆனியன்' என்று கேட்குமானால், தவறு என்று சொல்லி ஆட்டத்தை நிறுத்த வேண்டாம். கடைக்காரராக இருப்பவர், 'டூ ஆனியன்ஸ்' என்று திருத்தமாகச் சொல்லிக்கொண்டே பொருளை எடுத்துக் கொடுத்தால் போதும். இப்படிப் பலமுறை நிகழ்ந்த பின்னர் ஒருநாள் அது தானாகவே திருந்தும்.

பாட்டுகளைப் பற்றி ஒரு சொல். ஆங்கில மழலைப் பாட்டுகள் நாவைப் பழக்குவதற்கு நல்லவை; ஐயமில்லை. ஆனால் மழையைத் திரும்பிப் போகச் சொல்லும் பாட்டொன்று நம் மழலையர் பள்ளிகளெங்கும் பாடப்படுகிறது. கண்மாய் நிரம்புமா என்று வானத்தைப் பார்த்திருக்கும் ஊர்களில் இதென்ன பாட்டு! மழையை வா என்று அழைப்பதாக மாற்றிப் பாடினால் மெட்டும் கெடாது. எதிர்ச்சொல் ஒன்றும் பழகும்.

எழுத்துக்கு எப்பொழுது வருவது? தமிழ் எழுத்துகள் ஓரளவு கைவந்த பின்னர் என்பதே என் கருத்து. தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் பெரும்பாலும் ஒன்றே. 'அ' என்ற எழுத்து அம்மாவில் 'அ' என்றே ஒலிக்கும். ஆங்கிலத்தில் அவ்வாறன்று. 26 எழுத்துகளைக் கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளைக் குறிக்கிறார்கள். 'சி' என்று பெயருடைய எழுத்து, 'கப்' என்ற சொல்லின் தொடக்கத்தில் ககரமாக ஒலிக்கிறது. எழுத்தின் பெயரை மட்டும் ஒப்பிக்கும் குழந்தையால் படிக்க இயலாமைக்குக் காரணம் இதுவே. கடைகளில் விற்கும் படத்தாள்களோ இன்னும் வேடிக்கையானவை. பனிவீடும், 'யாக்' என்னும் இமயத்து மாடும், 'சைலஃபோன்' என்னும் இசைக்கருவியும் அவற்றில் உள்ளன. இவற்றைக் குழந்தையும் கண்டதில்லை. படத்தாளை வாங்கிய தந்தையும் கண்டதில்லை. அத்தாள்களை விடுத்து, எறும்பு, வாளி, பசு, நாய், முட்டை, ஆடு, கோழி என்று முற்றத்தில் காண்பவற்றின் ஆங்கிலப் பெயர்களை முதலில் வாய்மொழியாகப் பழக்கி, அவற்றின் முதலொலிக்குரிய எழுத்தைப் பின்னர்க் காட்டுதலே நேர்வழி.

எழுதிப் பழகப் பலகையும் வேண்டாம்; தட்டில் பரப்பிய மணல் போதும். இதனை ஏழைமையின் அடையாளமாகக் கருதுவோர் ஒரு வரலாற்றை அறிதல் வேண்டும். 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் இல்லம் ஒன்றின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனையும், தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் தம் இல்லத்தில் கைக்கொண்டார். 1797இல் இலண்டனில் அதனைப் பற்றி நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் பள்ளிகளிற் பரவிற்று. ஆங்கிலேயச் சிறுவர்கள் தங்கள் எழுத்தையே நம் முறையில் கற்றார்கள் என்றால், நாம் அம்மணலைக் கைவிடுவானேன்? பிற்காலத்தில் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், விரலால் தடவி உணரும் உப்புத்தாள் எழுத்துகளைக் கையாண்டவரே.

இனி, சரியான ஒலியை எங்கிருந்து பெறுவது என்ற வினா. 2018ஆம் ஆண்டு தொடங்கி வெளிவந்த மாநிலப் பாடநூல்களில் கைப்பேசியால் படித்தறியும் கட்டக் குறியீடுகள் அச்சிடப்பட்டுள்ளன. மூத்த பிள்ளையின் முதல் வகுப்பு ஆங்கில நூலில் உள்ள அக்குறியீட்டின் வழியே பாடம் தொடர்பான ஒலி, ஒளிப் பதிவுகளை அடையலாம். தாயும் சேயும் சேர்ந்து கேட்டு, உடனே கைப்பேசியை வைத்துவிட்டு, கேட்ட சொல்லைக் கொண்டு ஆட வேண்டும். கைப்பேசியைக் கையில் கொடுத்துவிட்டுத் தாய் அடுக்களைக்குச் சென்றுவிட்டால் அது விளையாட்டாகாது. இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாது, குறைவாயின் இன்னும் நன்று என உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியுள்ளது. நம் ஆட்டத்திற்கோ ஐந்து நிமிடப் பதிவே போதும். மொத்த நேரமும் கால்மணிக்கு மேல் வேண்டாம். குழந்தை "இன்னும்" என்று கேட்கும்பொழுதே நிறுத்திவிடுவது தந்திரம்.

எஞ்சிய நேரமெல்லாம் தமிழே பேசுக. இதில் தயக்கம் காட்டும் பெற்றோர் பலர். வீட்டில் அரைகுறை ஆங்கிலத்தில் பேசினால் குழந்தை விரைவில் தேறிவிடும் என்று நம்புகிறார்கள். தாய்மொழியே கல்விக்குச் சிறந்த வாயில் என்று யுனெஸ்கோ நிறுவனம் 1953ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தது. கதை கேட்டும், கேள்வி கேட்டும், விடுகதை அவிழ்த்தும் தமிழில் செழித்த குழந்தைக்குக் கருத்துகள் முன்னமே உள்ளன. ஆங்கிலத்தில் அவற்றிற்குப் பெயர் மட்டும் தேவை. தமிழும் குறைந்து ஆங்கிலமும் வாராத குழந்தையோ வகுப்பில் இரு மொழியிலும் ஊமையாக அமர்ந்திருக்கும். இதனை நேரில் கண்ட ஆசிரியர்கள் பலர் உளர்.

இம்முயற்சியில் குடும்பம் தனித்து நிற்க வேண்டியதில்லை. 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் வழியே அங்கன்வாடிகள் நம் ஊர்களில் நிலைபெற்றன. 2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 மையங்களில் மழலையர் வகுப்புகளும் தொடங்கப்பட்டன. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், முதல் மூன்று வகுப்புகளில் தமிழையும் கணக்கையும் போன்றே ஆங்கிலத்தையும் ஆடல், பாடல், செயல் வழியாகக் கற்பிக்க முற்பட்டது. பள்ளியில் ஆடிய ஆட்டத்தை வீட்டிலும் ஆடச் சொல்லி ஆசிரியரிடம் கேட்டு வாங்கி வருவது பெற்றோரின் உரிமை. கேட்டால் மகிழாத ஆசிரியர் அரியர்.

மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ஒரு யோசனை. தெருவிற்கொரு துணிப்பை தைத்து, அதனுள் மூடியுள்ள டப்பா ஒன்று, கோழியிறகு, ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டை, பழைய நாளிதழ்களிலிருந்து வெட்டி அட்டையில் ஒட்டிய இருபது படங்கள் ஆகியவற்றை இட்டு வையுங்கள். 2006-07இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிகளில் எழுந்த நூலகம் உங்கள் ஊரில் திறந்திருக்குமானால், சனிக்கிழமை மாலையில் சிறுவர் அங்கே கூடலாம். எட்டாம் வகுப்புப் படிக்கும் அக்காமார் இருவர் படநூலை உரக்கப் படித்துக் காட்டட்டும். ஆண்ட்ரூ பெல் கண்ட முறையும் அதுவே. பை வாரத்திற்கொரு வீடாகச் சுற்றி வரட்டும். ஒவ்வொரு வீட்டாரும் பையை அனுப்புமுன் புதிய படம் ஒன்றை வெட்டி ஒட்டிச் சேர்த்தால், ஓராண்டில் ஐம்பது படங்களுக்கு மேல் பெருகிவிடும். குழந்தை கிழித்த படத்திற்கு அபராதம் விதிக்க வேண்டாம்.